ஹென்றி நாக்ஸ்: பீரங்கிகளை மலை தாண்டிக் கொண்டுவந்த புத்தகக் கடைக்காரர்

கேள்வி இது: அமெரிக்காவின் தங்கக் கிடங்கு இருக்கும் ஃபோர்ட் நாக்ஸுக்குப் பெயர் தந்த ஹென்றி நாக்ஸ் யார்? புத்தகக் கடை வைத்திருந்தவர் பீரங்கிப் படைக்குத் தலைவராகவும், பிறகு போர்த்துறைச் செயலராகவும் ஆனது எப்படி? முதல் அதிபர் வாஷிங்டன், முதல் நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் அளவுக்கு அவர் பெயர் ஏன் பரவவில்லை?

பெயர் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். கென்டக்கியில் 1918-ல் பீரங்கிப் படைக்கான பயிற்சி முகாம் ஒன்று அமைத்தார்கள். அமெரிக்கப் பீரங்கிப் படையை உருவாக்கியவர் என்பதால் நாக்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். தங்கம் அங்கே வந்து சேர்ந்தது 1937-ல்தான். நாக்ஸுக்கும் தங்கத்துக்கும் வேறு தொடர்பு கிடையாது. சொல்லப்போனால் அவர் இறந்தபோது கழுத்துவரை கடன். டென்னசியில் இருக்கும் நாக்ஸ்வில் நகரமும் இவர் பெயரில் வந்ததுதான். அந்த ஊரை அமைத்தபோது, அந்தப் பகுதி ஆளுநருக்கு மேலதிகாரியாக இருந்தவர் போர்த்துறைச் செயலரான நாக்ஸ்.

அவர் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே போங்கள். போர்த் தந்திரத்தில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அந்தப் படையிலேயே இருந்தார்கள். கனமான சரக்கை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நாளில், உருப்படியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மட்டும் அவருக்கு ஈடு கிடையாது. அந்த வேலையைத் தானே நின்று பார்த்த இடங்களில் ஜெயித்தார். மற்றவர் கையில் விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில், அமெரிக்கப் படை அதுவரை காணாத தோல்வி ஒன்று அவர் பொறுப்பில் நடந்தது.

1750 ஜூலை 25-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா கப்பல் கட்டுபவர். தொழில் நொடித்துப்போய் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்த்தார்கள். 1771-ல் சொந்தமாக 'லண்டன் புக் ஸ்டோர்' என்ற கடையைத் திறந்தார். பாஸ்டனில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கே வந்துபோவார்கள். விற்பனைக்கு வைத்திருந்த கோட்டைக் கட்டுமானம், பீரங்கி, முற்றுகை பற்றிய நூல்களை எல்லாம் நாக்ஸ் தானும் படித்தார், வந்த அதிகாரிகளிடம் சந்தேகமும் கேட்டார். உள்ளூர்த் தொண்டர் படையில் சேர்ந்து பீரங்கி இயக்கவும் பழகிக்கொண்டார். ஆகவே படிப்பு வாசனை மட்டுமே கொண்ட கடைக்காரர் ஒருநாள் திடீரெனத் தளபதியானார் என்று எழுதுவது சரியல்ல. சண்டையைத்தான் அவர் பார்த்திருக்கவில்லை.

1773-ல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்துச் சிதறி இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பின் அந்தக் கையை எப்போதும் கைக்குட்டையால் சுற்றி வைத்திருப்பார். 1774 ஜூனில் லூசி ஃப்ளக்கரைத் திருமணம் செய்தார். லூசியின் அப்பா தாமஸ் ஃப்ளக்கர் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் மன்னரின் செயலர். பெண் வீட்டாருக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. மறுவருடம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் பாஸ்டனிலிருந்து தப்பினார்கள். லூசி தன் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

இனி அவரை வரலாற்றில் நிறுத்திய காரியத்துக்கு வருகிறேன். 1775 இலையுதிர்காலம். பாஸ்டன் நகரத்துக்குள் பிரிட்டிஷ் படை, வெளியே வளைத்து நிற்பது வாஷிங்டனின் படை. வாஷிங்டனிடம் ஆட்கள் உண்டு, பெரிய பீரங்கி இல்லை. வெடிமருந்தும் தட்டுப்பாடு. வடக்கே சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் இருந்த டைகொண்டெரோகா கோட்டையை அதே வருடம் மே 10-ல் ஈதன் ஆலனும் பெனடிக்ட் ஆர்னால்டும் பிடித்திருந்தார்கள். அங்கே பீரங்கிகள் சும்மா கிடந்தன. நடுவில் ஏறக்குறைய 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர். ஏரி, ஆறு, மலை, காடு எல்லாம் குறுக்கே. நவம்பர் 16-ல் வாஷிங்டன் உத்தரவு கொடுத்தார். 25 வயது நாக்ஸ், 19 வயதுத் தம்பி வில்லியமைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பீரங்கிப் படைக்குக் கர்னலாக அவரை நியமித்த உத்தரவு கையில் வந்து சேருவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டார்.

டிசம்பர் 5-ல் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்தது கழித்துக்கட்டும் வேலை. கிடந்தவற்றில் பல துருப்பிடித்தும் குழல் தேய்ந்தும் பயனற்றுப் போயிருந்தன. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது 59. அவர் போட்ட பட்டியலில் வெண்கலமும் இரும்புமாகப் பீரங்கி 43, குட்டைக் குழல் பீரங்கியான ஹோவிட்சர் 2, மீதி பெரிதும் சிறிதுமாக, குண்டை உயரத் தூக்கி வீசும் மார்ட்டர்கள். ஒரு அடி நீளத்தில் சிறிய மார்ட்டரும் இருந்தது, பதினோரு அடி நீளப் பீரங்கியும் இருந்தது. எடை 100 பவுண்டில் தொடங்கி 5,500 பவுண்டு வரை, அதாவது பெரியது ஒன்றே இரண்டரை டன். மொத்தம் 1,19,900 பவுண்டு, கிட்டத்தட்ட 54 டன். கூடவே 23 பெட்டி ஈயம், ஒரு பீப்பாய் சிக்கிமுக்கிக் கல். ஈயம் துப்பாக்கிக் குண்டு வார்க்க, கல் துப்பாக்கி விசைக்கு. இந்த இரண்டையும் மறக்காமல் எடுத்துவந்ததிலேயே மனிதர் எப்படிப்பட்டவர் என்பது தெரிகிறது.

பயணம் மூன்று கட்டம். முதல் கட்டம் ஜார்ஜ் ஏரி. கோட்டைக்கும் ஏரிக்கும் நடுவில் கொஞ்ச தூரம் மாட்டால் இழுத்து, பிறகு தட்டைப் படகுகளில் ஏற்றி, முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த ஏரியைத் தெற்கு நோக்கிக் கடக்க வேண்டும். ஏரி உறைவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் நெருக்கடி. ஏரி பாதி உறைந்தால் படகும் போகாது, பனி எடையும் தாங்காது. எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டே போனார்கள். சரக்கேற்றிய ஒரு பெரிய படகு பாறையில் மோதிக் கரையோரம் நீரில் அமிழ்ந்தது. நல்லவேளையாகப் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரியும் ஆழம்தான். நீரை இறைத்துக் கொட்டி, ஓட்டையை அடைத்து மறுபடி மிதக்கவிட்டார்கள்.

இரண்டாம் கட்டம் பனிமேல் இழுப்பது. டிசம்பர் 17-ல் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், உறுதியான சறுக்கு வண்டிகள் 42 செய்தாகிவிட்டது, இழுக்க 80 ஜோடி எருதுகளுக்கு ஏற்பாடாகிவிட்டது, பதினாறு பதினேழு நாளில் வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்தக் கணக்கு மூன்று இடத்தில் உதைத்தது. முதலாவது, பனியே விழவில்லை. சறுக்கு வண்டிக்குத் தரையில் போதிய பனி இல்லையென்றால் மண்ணில் தேய்ந்து நின்றுவிடும். கிறிஸ்துமஸையொட்டித்தான் பனி கொட்டியது, அதுவும் வழியே மூடிப்போகிற அளவுக்கு. இரண்டாவது, எருதுகளுக்கான கூலி. பேரம் பேசியிருந்த ஆள் கேட்ட தொகை அதிகம் என்று வடக்குப் படைத் தளபதி பிலிப் ஸ்கைலர் மறுத்துவிட்டார், பேச்சு முறிந்தது. பிறகு ஸ்கைலரே ஊர் ஊராக ஆளனுப்பி 124 ஜோடிக் குதிரைகளைச் சறுக்கு வண்டிகளோடு திரட்டிக் கொடுத்தார். ஓவியங்களிலும் பாடநூல் படங்களிலும் எருதுகள் மட்டுமே இழுப்பதாக வரைகிறார்கள். நியூயார்க் பக்கத்து வழியில் பெரும்பகுதி இழுத்தது குதிரைகள். எருது நிதானமாக இழுக்கும், சேற்றில் கால் பதிக்கும். குதிரைக்கு வேகம் உண்டு. உறைபனியில் அந்த வேகம்தான் தேவைப்பட்டது.

மூன்றாவது தடங்கல் ஹட்சன் ஆறு. ஆல்பனி வட்டாரத்தில் ஆற்றைப் பல முறை கடக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் குளிர் விட்டுவிட்டு வந்ததால் பனிப்படலம் மெல்லியதாக இருந்தது. நாக்ஸ் செய்த வேலை இது: கடக்கவேண்டிய பாதையில் பனியில் துளை போடச் சொன்னார். அடியிலிருந்து தண்ணீர் மேலே பெருகி இரவில் உறையும், அடுக்கு தடிக்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பாதை மட்டும் கெட்டியாகும். அதோடு வண்டிக்கும் குதிரைக்கும் நடுவில் ஏறக்குறைய 40 அடி நீளக் கயிறு விட்டார்கள். கயிற்றின் பக்கத்தில் கூரிய கைக்கோடரியோடு ஓர் ஆள் நடப்பான். பனி உடைந்து பீரங்கி மூழ்கினால் உடனே கயிற்றை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குதிரைகளையும் அது உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். இந்த விவரத்தைச் சொன்னவர் ஜான் பெக்கர். வண்டியோட்டியான அப்பாவுடன் போனபோது அவருக்கு 12 வயது, முதுமையில் இதைப் பதிவு செய்தார். நாக்ஸின் நாட்குறிப்பில் இடைவெளிகள் நிறைய, அவற்றில் சிலவற்றை நிரப்புவது இந்தச் சிறுவனின் நினைவுதான்.

இத்தனைக்குப் பிறகும் பீரங்கிகள் மூழ்கத்தான் செய்தன. 1776 ஜனவரி முதல் வாரத்தில், ஆல்பனிக்கு எதிரே 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கி ஒன்று பனியை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. ஊர்க்காரர்கள் திரண்டுவந்து கயிறு கட்டி மேலே தூக்கிக் கொடுத்தார்கள். அந்த உதவிக்காக அந்தப் பீரங்கிக்கு 'ஆல்பனி' என்றே பெயர் வைத்தார் நாக்ஸ். ஒரு பெரிய பீரங்கி என்றால் முற்றுகையில் அதன் மதிப்பு அப்படி, விட்டுவிட்டுப் போக முடியாது.

மூன்றாம் கட்டம் பெர்க்‌ஷயர் மலை. இங்கே ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. இரண்டரை டன் இரும்பு சரிவில் பின்னாலிருந்து தள்ளினால் இழுக்கும் மாட்டையும் குதிரையையும் நசுக்கிவிடும். அதனால் வண்டியின் பின்பக்கம் கயிறு கட்டி, அதை மரத்தில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். சறுக்குச் சட்டங்களுக்கு அடியில் இழுபடும்படி சங்கிலிகளும் கழிகளும் போட்டு வேகத்தைக் குறைத்தார்கள். பிளாண்ட்ஃபோர்டு என்ற இடத்தில் வண்டிக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். அங்கே பனியும் இல்லை, எதிரே செங்குத்தான சரிவு. மூன்று மணி நேரம் பேசி, கூடுதலாக எருதுகளையும் ஏற்பாடு செய்த பிறகுதான் நகர்ந்தார்கள். வழியில் ஏறிய மலைகளின் உச்சியிலிருந்து பார்த்தால் பூமியின் ராஜ்யங்கள் அத்தனையும் தெரிந்துவிடும் போல இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஸ்பிரிங்ஃபீல்டு வந்ததும் பனி உருகிச் சாலை சேறாகி, நியூயார்க் வண்டிக்காரர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். அங்கிருந்து மாசசூசெட்ஸ் மாட்டுக்காரர்கள். பதினாறு நாள் என்று போட்ட கணக்கு நாற்பது நாளை நெருங்கியது. ஜனவரி கடைசியில் சரக்கு பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்ஹாம் வந்து சேர்ந்தபோது அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ்.

அடுத்து நடந்ததில் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. டைகொண்டெரோகா பீரங்கிகள் நகரை அடுத்த டார்செஸ்டர் குன்றுகளிலிருந்து பாஸ்டனைச் சுட்டுத் தகர்த்தன என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. மார்ச் 2 முதல் 4 வரை இரவுகளில் வேறு பக்கங்களிலிருந்து குண்டு வீசி எதிரியின் கவனத்தைத் திருப்பினார்கள். பழக்கமில்லாத ஆட்கள் மார்ட்டர்களைச் சரியாகத் தளத்தில் அமர்த்தாததால் அதில் சில வெடித்தும் போயின. 4-ம் தேதி இரவு ஜெனரல் ஜான் தாமஸ் தலைமையில் சுமார் 2,000 பேர் குன்றில் ஏறினார்கள். தரை ஒன்றரை அடி ஆழத்துக்கு உறைந்திருந்ததால் அகழி வெட்ட வழியில்லை. ரூஃபஸ் புட்னம் என்ற அதிகாரி கண்ட உபாயம், எல்லாவற்றையும் கீழேயே செய்து மேலே கொண்டுபோவது: மரச்சட்டங்கள், அவற்றுக்குள் அடுக்கச் சுள்ளிக்கட்டுகள், மண் நிரப்பப் பின்னல் கூடைகள். ஏறி வருகிறவர்கள்மேல் உருட்டிவிட மண் நிரப்பிய பீப்பாய்களும் வைத்தார்கள். வண்டிச் சத்தம் கேட்காமலிருக்கவும் நடமாட்டம் தெரியாமலிருக்கவும் பாதையோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள்.

காலையில் குன்றின்மேல் அரண் நின்றது. துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் கப்பல்களால் அந்த உயரத்துக்குப் பீரங்கியைச் சாய்த்துச் சுட முடியவில்லை. குன்றிலிருந்து கப்பல்கள் நேர் குறிக்குள் இருந்தன. ஏறிப் பிடிக்கப் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஹோ உத்தரவிட்டார், புயல் வந்தது, திட்டத்தைக் கைவிட்டார். மார்ச் 17-ல் பிரிட்டிஷ் படை நகரைக் காலி செய்து கப்பலேறியது. பீரங்கிகள் அங்கே வந்து சேர்ந்ததே போதுமானதாக இருந்தது.

அதே வருடக் கடைசியில் வாஷிங்டனின் படை டெலவேர் ஆற்றைக் கடந்தது எல்லோருக்கும் தெரியும், ஓவியமும் தெரியும். அதில் நாக்ஸின் பங்கு பேசப்படுவது குறைவு. டிசம்பர் 25 இரவு 2,400 பேரையும் 18 பீரங்கிகளையும் குதிரைகளையும் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் அக்கரை சேர்க்கும் பொறுப்பு அவருடையது. அந்தக் காலத்தில் ஆயிரம் பேருக்கு இரண்டு மூன்று பீரங்கி என்பது வழக்கம். இங்கே அதுபோல இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் மழை. துப்பாக்கியின் மருந்துக் கிண்ணம் திறந்திருப்பதால் நனைந்தால் சுடாது. பீரங்கியின் பற்றவைக்கும் துளையையும் வாயையும் மூடிவைக்கலாம், ஆலங்கட்டி மழையிலும் சுடலாம். ஆட்களை இரும்புத் தாது ஏற்றும் நீண்ட டர்ஹம் படகுகளிலும், பீரங்கிகளையும் குதிரைகளையும் தட்டையான தோணிகளிலும் ஏற்றினார்கள். துடுப்புப் போட்டவர்கள் ஜான் குளோவரின் மார்பிள்ஹெட் மீனவர்கள். ஆறடி உயரமும் பெருத்த உடம்புமாக இருந்த நாக்ஸ், கரையில் நின்று காற்றையும் மீறிக் கேட்கும் குரலில் எந்தப் படகு எப்போது என்று கத்திக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குள் முடிக்கவேண்டியது மூன்று மணிக்கு முடிந்தது. ஆனால் முடிந்தது. தெற்கே வேறு இரண்டு பிரிவுகள் கடக்க வேண்டியிருந்தது. ஒன்று கடக்கவே இல்லை. மற்றதன் தலைவர் காட்வாலடர் ஆட்களை அக்கரை சேர்த்துவிட்டார், கரையோரப் பனியில் பீரங்கிகளை இறக்க முடியாமல் எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டார். ஒரே இரவு, ஒரே ஆறு. இந்த ஒப்பீடு நாக்ஸ் யார் என்று காட்டும்.

அக்கரையில் எதிரி தங்கியிருந்த ட்ரென்டன் ஊரின் இரு பிரதான தெருக்களின் தலைப்பில் பீரங்கிகளை நிறுத்தினார்கள். பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட ஜெர்மானிய ஹெஸ்ஸியன் கூலிப்படை அணிவகுக்கவே இடம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய 900 பேர் சிறைப்பட்டார்கள். மறுநாள் நாக்ஸ் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

புத்தக அறிவு காலை வாரிய இடமும் உண்டு. 1777 அக்டோபர் 4, ஜெர்மன்டவுன். முன்னேறிக்கொண்டிருந்த அமெரிக்கப் படைக்கு வழியில் கல் மாளிகை ஒன்று. உள்ளே மஸ்கிரேவ் என்ற கர்னலும் நூற்றுச் சொச்சம் பிரிட்டிஷ் சிப்பாய்களும். சுற்றிக் காவல் போட்டுவிட்டுப் போகலாம் என்று இளம் அதிகாரிகள் சொன்னார்கள். எதிரியின் கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுச்செல்லக் கூடாது என்று நாக்ஸ் நூல்களில் படித்த விதியைச் சொன்னார். வாஷிங்டன் அதை ஏற்றார். களப் பீரங்கிகளின் சிறு குண்டுகள் கதவையும் ஜன்னலையும் உடைத்தன, தடித்த கல் சுவரை ஒன்றும் செய்யவில்லை. மூடுபனியில் இந்தச் சத்தத்தைக் கேட்டு முன்னே போயிருந்த பிரிவுகளும் குழம்பின. அந்த வீட்டு வாசலிலேயே ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். விதி முற்றுகைப் பீரங்கி கையில் இருக்கும் படைக்கு எழுதியது. அன்று அவரிடம் இருந்தது களப் பீரங்கி. தோல்விக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேரம் இங்கேதான் போனது.

பிறகு செய்தவற்றில் நிலைத்து நின்றவை இரண்டு. ஆயுதக் கிடங்குக்கு ஸ்பிரிங்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தார்: ஆற்றங்கரை என்பதால் சரக்குப் போக்குவரத்து உண்டு, கீழே ஆறு வேகமாக விழும் இடம் இருப்பதால் எதிரிக் கப்பல் ஏறி வர முடியாது. 1778-79 குளிர்காலத்தில் நியூஜெர்சியின் பிளக்கமினில் பீரங்கி அதிகாரிகளுக்கு வகுப்பு நடத்தும் பள்ளி கட்டினார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முந்தியது அது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸைப் பணியவைத்த குண்டுவீச்சில் அமெரிக்கத் தரப்புப் பீரங்கிகள் இவர் பொறுப்பு. அதே காரன்வாலிஸ்தான் ஐந்து வருடம் கழித்து கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கியவர்.

போருக்குப் பிறகு அவர் அரசு ஆள். 1785-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவரைப் போர்த்துறைச் செயலராக்கியது. அவருக்கு முன் பெஞ்சமின் லிங்கன் அந்தப் பதவியில் இருந்தார். ஆகவே 'முதல் போர்த்துறைச் செயலர்' என்பது 1789-ல் புதிய அரசமைப்பின் கீழ் வந்த பதவிக்குத்தான் பொருந்தும். நிர்வகிக்கப் படை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1784-ல் காங்கிரஸ் படையைக் கலைத்தபோது கிடங்குகளைக் காக்க விட்டுவைத்தது 80 பேரை. 1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் கலகம் செய்தபோது நாக்ஸ் வாஷிங்டனுக்கு அச்சமூட்டும் கடிதங்கள் எழுதினார். கலகக்காரர்கள் சொத்துகளைப் பொதுவாக்கப் பார்க்கிறார்கள் என்கிற அளவுக்கு அவற்றில் மிகை இருந்தது. ஓய்விலிருந்த வாஷிங்டன் அரசமைப்பு மாநாட்டுக்குப் போக முடிவெடுத்ததில் அந்தக் கடிதங்களுக்கும் பங்குண்டு.

பூர்வகுடிகளோடு உறவும் போர்த்துறையின் கீழ்தான் இருந்தது. இதில் நாக்ஸ் தன் காலத்து அதிகாரிகளிடமிருந்து விலகி நின்றார் என்பது என் கணிப்பு. 1789 ஜூனில் வாஷிங்டனுக்குக் கொடுத்த அறிக்கையில் அவர் வாதம் தெளிவு: மண்ணில் முதலில் இருந்தவர்கள் அவர்கள், நிலத்தின் உரிமை அவர்களுடையது, அவர்களாகச் சம்மதித்தாலோ நியாயமான போரில் வென்றாலோ தவிர அதை எடுக்க முடியாது. 1790-ல் கிரீக் மக்களின் தலைவர் அலெக்சாண்டர் மெக்கில்லிவ்ரேயை நியூயார்க்குக்கே வரவழைத்து ஒப்பந்தம் போட்டார். ஒப்பந்தத்தை மதிக்க ஜார்ஜியா மாநிலம் தயாராக இல்லை. குடியேறிகளைத் தடுத்து நிறுத்த நாக்ஸிடம் ஆளும் இல்லை. பதவி விலகும் சமயத்தில், 1794 டிசம்பர் 29 தேதியிட்ட அறிக்கையில், அமெரிக்கர்கள் குடியேறிய விதம் மெக்சிகோவையும் பெருவையும் வென்றவர்கள் செய்ததைவிட அந்த மக்களுக்கு அதிக அழிவைத் தந்தது என்று எழுதினார். அமைச்சர் ஒருவர் தன் அரசிடமே இப்படி எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அந்த மக்கள்மேல் படையெடுப்புகளை அனுப்பியவரும் இதே நாக்ஸ்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்தப் படையெடுப்புகளில் இரண்டாவது 1791 நவம்பர் 4-ல் முடிந்தது. ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் போன படையை மயாமி, ஷானி உள்ளிட்ட மக்களின் கூட்டணி விடியற்காலையில் சூழ்ந்தது. களத்தில் இருந்த சுமார் 1,400 பேரில் அறுநூறுக்கு மேல் மாண்டார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்கப் படை இவ்வளவு பெரிய தோல்வி கண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காரணங்களைத் தேடினால் பாதி, சரக்கு விவகாரம். ஜூலையில் புறப்படவேண்டிய படை செப்டம்பரில் புறப்பட்டது. கூடாரங்கள் ஒழுகின, வெடிமருந்து தரமில்லை, பொதிக் குதிரைகளுக்கு வந்த சேணம் பெரிதாக இருந்து முதுகைப் புண்ணாக்கியது, உணவு வராமல் படையில் ஒரு பிரிவை உணவு வண்டிகளைக் காக்கப் பின்னால் அனுப்ப வேண்டிவந்தது. தளவாடத்துக்குப் பொறுப்பான சாமுவேல் ஹாட்ஜன் நாக்ஸின் பழைய ஆள், அவர் களத்துக்கு வந்து சேர்ந்ததே தாமதமாக. உணவுக் குத்தகைதாரர் வில்லியம் டூயர் அரசுப் பணத்தை ஊகவணிகத்தில் போட்டு, சில மாதத்தில் கடன்காரர் சிறைக்குப் போனார். அந்த டூயரோடு நாக்ஸ் அதே வருடம் மெய்ன் பகுதியில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கும் கூட்டில் இருந்தார். நாடாளுமன்றம் நடத்திய முதல் விசாரணை இதைப் பற்றித்தான். செயின்ட் கிளேர்மேல் பழியில்லை, தளவாடமும் குத்தகையும் கெட்டன என்றது அறிக்கை. பீரங்கிப் பட்டியலில் சிக்கிமுக்கிக் கல்லையும் எழுதிய மனிதர், சேணத்தின் அளவை யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பாடம் கற்றுக்கொண்டார்கள். ஆந்தனி வெய்ன் தலைமையில் புதுப் படையை இரண்டு வருடம் பயிற்றி, வழிநெடுகக் கோட்டை கட்டி உணவைச் சேர்த்துவைத்த பிறகே 1794 ஆகஸ்டில் மோதினார்கள், வென்றார்கள்.

கடற்படைக்கு அஸ்திவாரமும் இவர் காலத்தில்தான். அல்ஜீரியக் கடற்கொள்ளையரைச் சமாளிக்க 1794 மார்ச்சில் ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் வந்தது. வடிவமைத்தவர் ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ். நாக்ஸ் ஆறையும் ஆறு துறைமுகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரே இடத்தில் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும், ஆனால் ஆறு ஊர்களின் ஆதரவு கிடைத்திருக்காது. சட்டகத்துக்கு ஜார்ஜியாவின் தீவுகளில் வளரும் உறுதியான ஓக் மரம் வேண்டும் என்றார்கள். அதை வெட்டப் போனவர்கள் காய்ச்சலில் விழுந்ததால் வேலை இழுத்தது. அந்த ஆறில் ஒன்றான 'கான்ஸ்டிடியூஷன்' 1797-ல் நீரில் இறங்கி, இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் கடற்படைக் கப்பலாகவே இருக்கிறது.

பெயர் ஏன் பரவவில்லை என்பதற்குப் பதில் கடைசி வருடங்களில் இருக்கிறது. 1794-ல் பென்சில்வேனியாவில் விஸ்கி வரிக் கலகம் மூண்டபோது, போர்த்துறைச் செயலர் தன் நில விவகாரத்துக்காக விடுப்பெடுத்து மெய்னுக்குப் போய்விட்டார். அவர் வேலையைச் செய்தவர் ஹாமில்டன். அந்த வருடக் கடைசியோடு பதவி விலகினார். 1798-ல் பிரான்சோடு போர் வரும் என்ற நிலையில் வாஷிங்டன் புதிய படைக்குத் தளபதிகள் வரிசை கொடுத்தார்: ஹாமில்டன், பிங்க்னி, மூன்றாவதாக நாக்ஸ். பழைய போரில் ஹாமில்டன் லெப்டினன்ட் கர்னல், நாக்ஸ் மேஜர் ஜெனரல். மனம் புண்பட்டு மறுத்துவிட்டார். அத்தோடு பொதுவாழ்வில் தேசிய அளவில் அவர் இடம் முடிந்தது. கோட்பாடு எழுதியவர்களையும் அதிபரானவர்களையும்தான் பின்னால் வந்தவர்கள் படித்தார்கள். நாக்ஸ் விட்டுச்சென்றது பெரும்பாலும் கணக்கும் கடிதமும் ரசீதும்.

மெய்னில் தாமஸ்டன் என்ற ஊரில், லூசியின் தாய்வழிப் பாட்டனார் சாமுவேல் வால்டோவின் நிலத்தில், 'மான்ட்பீலியர்' என்ற மாளிகை கட்டினார். சுண்ணாம்புச் சூளை, செங்கல், மரம் அறுப்பு, கப்பல் கட்டுதல், மாடு வளர்ப்பு என்று எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் இறங்கினார். எல்லாம் கடன் பணம். போரின்போதே காலி நிலத்தில் குடியேறியிருந்தவர்கள், அவர்களில் பலர் பழைய சிப்பாய்கள், நிலத்துக்கு விலை தரமாட்டோம் என்று எதிர்த்தார்கள். ஒரு காலத்தில் வண்டிக்காரர்களிடம் மூன்று மணி நேரம் பேசிச் சம்மதிக்கவைத்தவருக்கு இவர்களோடு ஒத்துப்போகவே முடியவில்லை. கடனுக்கு ஜாமீன் நின்ற நண்பர்கள் பெஞ்சமின் லிங்கனும் ஹென்றி ஜாக்சனும் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளும் துக்கம் குறையவில்லை: பிறந்த பதின்மூன்று பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மூன்று பேர்.

1806 அக்டோபரில் சாப்பிடும்போது கோழி எலும்பு உள்ளே சிக்கி, சீழ்பிடித்து, 25-ம் தேதி இறந்தார். வயது 56. சொத்து கடனை அடைக்கப் போதவில்லை. லூசி நிலத்தைத் துண்டு துண்டாக விற்று 1824 வரை அந்த வீட்டிலேயே இருந்தார். 1871-ல் ரயில்பாதைக்காக வீட்டை இடித்தார்கள். இப்போது தாமஸ்டனில் பார்க்கக் கிடைப்பது 1929-ல் கட்டிய நகல். பீரங்கி வந்த வழியைப் பார்க்க விரும்பினால், 1920-களில் நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் அந்தப் பாதை நெடுக நட்ட 56 கல்வெட்டுகள் இருக்கின்றன. ஜார்ஜ் ஏரியின் தென்கரையில் தொடங்கி ஆல்பனி, கிரேட் பேரிங்டன், பிளாண்ட்ஃபோர்டு, வெஸ்ட்ஃபீல்டு, ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகப் போனால் மலைப்பகுதியையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.